கண்ணில் வென்றது, முதுகுத்தண்டில் ஏன் வெல்லவில்லை? ஸ்டெம் செல் சிகிச்சை: ஓர் எளிய விளக்கம்

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பொட்டலங்களில் பெட்டிக்கடைகளில் கிடைக்கிறது. அதை எடுத்துப் பிசைந்து விளையாடும் குழந்தையின் முகத்தில் பொட்டலம் பிதுங்கித் தெறித்து, கண் வெந்துபோவது இந்தியக் கண் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விபத்து. சுண்ணாம்பு கடுமையான காரம். அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குப் பொல்லாதது. திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். இப்படி நேர்ந்தால், மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்பே இமையை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவ வேண்டும். கண்ணைக் காப்பாற்றுவதில் பாதி வேலை அந்த முதல் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. ஸ்டெம் செல் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். தெரிந்துவைத்திருந்தால் ஒரு கண் பிழைக்கும் என்பதால் சொல்கிறேன்.

காயம் ஆறிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. கருவிழியின் மேல்பரப்பில் மிக மெல்லிய செல் அடுக்கு ஒன்று உண்டு. தினமும் தேய்ந்து உதிர்கிறது, தினமும் புதுப்பிக்கப்படுகிறது. புதிய செல்களை அனுப்பிவைக்கும் இடம், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வட்ட ஓரம். அதற்கு லிம்பஸ் என்று பெயர். சுண்ணாம்பு அந்த ஓரத்தைச் சுட்டுவிட்டால் புதிய செல்கள் வருவது நின்றுபோகிறது. காலியான பரப்பின் மேல் வெள்ளைவிழியின் சவ்வு, ரத்த நாளங்களையும் இழுத்துக்கொண்டு படர்ந்து ஏறுகிறது. கண்ணாடிபோல இருந்த கருவிழி வெளுத்து, சிவந்து, ஒளி புகாமல் போகிறது.

கண்தானத்தில் கிடைத்த கருவிழியை வைத்துத் தைத்தால் சரியாகிவிடாதா? ஆகாது. தானமாக வந்த கருவிழியின் மேல்பரப்பையும் நாளடைவில் மூடிப் பாதுகாக்க வேண்டியவை நோயாளியின் சொந்த லிம்பஸ் செல்கள். அவை அழிந்திருந்தால் புதிய கருவிழியும் அதே கதிக்கு ஆளாகும். பழுதுபட்டது உறுப்பு மட்டுமல்ல, அந்த உறுப்பைத் தினந்தோறும் புதுப்பிக்கும் மூலமும்தான். அந்த மூலச் செல்களைத்தான் ஸ்டெம் செல் என்கிறோம். தமிழில் குருத்தணு என்றும் எழுதுகிறார்கள்.

ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று அழைக்க இரண்டு தகுதிகள் வேண்டும். பிரியும்போது தன்னைப் போன்ற இன்னொரு செல்லை உண்டாக்கித் தன் கையிருப்பைக் காத்துக்கொள்ள வேண்டும். வேறொரு வேலைக்கான செல்லாக மாறும் வாரிசுகளையும் தர வேண்டும். முதல் தகுதி இல்லாவிட்டால் ஒரே தலைமுறையில் தீர்ந்துபோகும். இரண்டாவது இல்லாவிட்டால் வெறுமனே பெருகிக்கொண்டிருக்கும், எதற்கும் பயன்படாது.

ஹைதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை 2001 முதல் லிம்பஸ் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து நோயாளிகளுக்குப் பொருத்திவந்தது. அதற்கு முன்பே, 1997இல், இத்தாலியின் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே தெ லூக்காவும் அந்த வழியைத் திறந்திருந்தார்கள். அவர்களுடைய முறைதான் 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த முதல் ஸ்டெம் செல் மருந்தாக ஆனது. ஆனால் செல்களை வாரக்கணக்கில் வளர்க்கத் தூய்மையான ஆய்வகமும் தேர்ந்த ஆட்களும் பெரும் செலவும் தேவை. எல்லா ஊருக்கும் அது கட்டுப்படியாகாது.

2012இல் அதே மருத்துவமனையின் வீரேந்தர் சங்வானும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறை அந்த ஆய்வகத்தையே தேவையில்லாமல் ஆக்கியது. அடிபடாத மறு கண்ணின் ஓரத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் நீள அகலத்தில் ஒரு துணுக்கை வெட்டி எடுக்கிறார்கள். பாதிக்கப்பட்ட கண்ணில் படர்ந்திருக்கும் சவ்வை உரித்து நீக்குகிறார்கள். அந்த இடத்தின் மேல் பதப்படுத்திய பனிக்குடச் சவ்வை விரித்து, ரத்தப் புரதத்தால் ஆன பசையைக் கொண்டு ஒட்டுகிறார்கள். எடுத்த துணுக்கை எட்டுப் பத்துத் துண்டுகளாக நறுக்கி, பார்வைக்கு உரிய நடுப்பகுதியை விட்டுவிட்டு, சுற்றிலும் வட்டமாக ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். நாற்றை இடைவெளி விட்டு நடுவது போலத்தான். மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். ஒவ்வொரு துண்டிலிருந்தும் செல்கள் பரவி, இரண்டு வாரங்களில் பரப்பு மூடிக்கொள்கிறது. 125 பேரின் முடிவுகளை 2016இல் வெளியிட்டபோது, நான்கில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானோருக்குக் கருவிழியின் பரப்பு தெளிவாக நிலைத்திருந்தது. ஸ்டெம் செல் சிகிச்சை என்றதும் நினைவுக்கு வரவேண்டிய முதல் படம் இதுதான் என்பது என் கருத்து. ஒரு சாதாரண அறுவை அரங்கில், ஒரே அமர்வில், நோயாளியின் சொந்தச் செல்லைக் கொண்டு செய்து முடிக்கும் வைத்தியம் இது.

எங்கே வேலை செய்கிறது?

ஸ்டெம் செல் உண்டு என்பதை முதலில் காட்டியது ரத்தம். நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்து மடிகிறது. 1961இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்குல்லக் என்ற இருவர், கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களைச் செலுத்தினார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்த எலிகளின் மண்ணீரலில் சிறு சிறு கட்டிகள் முளைத்திருந்தன. எத்தனை செல்களைச் செலுத்தினார்களோ அதற்கேற்பக் கட்டிகளின் எண்ணிக்கையும் கூடியது. ஒவ்வொரு கட்டியும் ஒற்றைச் செல்லிலிருந்து கிளைத்த குடும்பம் என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது.

மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் முயற்சியை அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1950களிலேயே தொடங்கியிருந்தார். தொடக்கத்தில் தோல்வி மேல் தோல்வி. பல மருத்துவர்கள் கைவிட்டுவிட்ட துறையில் அவர் விடாமல் நின்றார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. ரத்தப் புற்றுநோய், தலசீமியா, மஜ்ஜை வற்றிப்போகும் நோய் ஆகியவற்றுக்கு இது இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை. சோதனை என்ற கட்டத்தை எப்போதோ தாண்டிவிட்டது.

அதற்காக எளிதானது என்று சொல்லிவிட முடியாது. கடுமையான மருந்துகளால் நோயாளியின் பழைய மஜ்ஜையை முதலில் அழிக்க வேண்டும். புதிய செல்கள் வேர்பிடிக்கும் வரை அவருக்கு நோய் எதிர்ப்பு என்பதே இருக்காது. கொடையாளியின் எச்.எல்.ஏ. என்ற திசுவகை பொருந்த வேண்டும். உடன்பிறந்த ஒருவருக்குப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். பொருந்திய பிறகும், வந்துசேர்ந்த செல்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும்.

இந்தத் தாக்குதலைத் தவிர்க்க ஒரு வழி, நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருத்தித் திரும்பச் செலுத்துவது. வேலூரில் இது நடந்திருக்கிறது. கடுமையான ஹீமோஃபிலியா ஏ நோய் உள்ள ஐந்து பேரின் ஸ்டெம் செல்களில், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவைச் சேர்த்து, அலோக் ஸ்ரீவத்சவாவின் குழு அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது: கண்காணித்த காலம் முழுவதும் ஐவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. சிறு அடிக்கே மூட்டுக்குள் ரத்தம் கட்டி வீங்கி, வாரந்தோறும் ஊசிக்குக் காத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை, நீண்ட காலம் கவனிக்க வேண்டும். ஆனாலும் இது நம் பக்கத்து ஊரில் நடந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இதே வழியில், மரபணுவைத் திருத்தித் தலசீமியாவையும் அரிவாள் செல் நோயையும் குணப்படுத்தும் சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டன் அனுமதி அளித்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நோய் அதிகம் உள்ள நாடுகளில் யாரால் அதை வாங்க முடியும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தோலிலும் வெற்றி கண்டிருக்கிறார்கள். தொட்டாலே தோல் கொப்பளித்து உரியும் பரம்பரை நோயோடு 2015இல் ஜெர்மனியின் போஹும் என்ற நகரின் மருத்துவமனையில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மரணத்தின் விளிம்பில் கிடந்தான். முன்பு சொன்ன இத்தாலிய தெ லூக்காவின் குழுதான் அவனுடைய தோல் செல்களை வாங்கி, பழுதான மரபணுவுக்கு மாற்றைச் செருகி, தாள் தாளாக வளர்த்து அனுப்பியது. அவன் உடற்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை அந்தப் புதிய தோல் மூடியது. அவன் பள்ளிக்குத் திரும்பினான்.

கருவிழி, ரத்தம், தோல். மூன்றுக்கும் பொதுவானது என்ன? இவை நம் உடலில் ஏற்கெனவே வாழ்நாள் முழுக்க ஸ்டெம் செல்களால் புதுப்பிக்கப்படும் திசுக்கள். செல் போய்ச் சேரவேண்டிய இடம் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது செல்லுக்கும் தெரியும். மருத்துவர் இல்லாததைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். மற்றதை உடலே பார்த்துக்கொள்கிறது.

எங்கே தடுமாறுகிறது?

இதயத் தசைக்கும் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் இந்த வசதி இல்லை. மாரடைப்பில் இறந்த தசைக்குப் பதில் வருவது தழும்புதான். அங்கே சிகிச்சை செய்ய வேண்டுமானால் வேண்டிய செல்லை வெளியே புதிதாகத் தயாரிக்க வேண்டும். எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் முதன்முதலில் பிரித்து வளர்த்தார். அதற்குச் சில நாள் வயதுள்ள கருவைச் சிதைக்க வேண்டியிருந்ததால் பெரும் அறச்சர்ச்சை மூண்டது. 2006இல் கியோட்டோவின் ஷின்யா யமனாகா, முதிர்ந்த எலிச் செல்லுக்குள் நான்கே மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அதைச் செய்தார். இப்படிப் பின்னோக்கித் திருப்பிய செல்லுக்கு ஐ.பி.எஸ். செல் என்று பெயர். 2012இல் அவருக்கும், 1962இலேயே தவளையில் இதற்கு அடிகோலிய ஜான் கர்டனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது உங்கள் தோல் துணுக்கிலிருந்தோ சில துளி ரத்தத்திலிருந்தோ ஆய்வகத் தட்டில் துடிக்கும் இதயத் தசையை உருவாக்க முடியும்.

தட்டில் உருவாக்குவதும் உடலுக்குள் பயன்பட வைப்பதும் வேறு வேறு. இந்தச் செல்களின் வரமே அவற்றின் சாபமும். எதுவாகவும் மாறக்கூடிய செல் எலியின் உடலில் போடப்பட்டால் முடி, பல், குருத்தெலும்பு எல்லாம் கலந்த கட்டியாக வளரும்; ஒரு செல் அத்தகையதுதானா என்று உறுதிசெய்ய ஆய்வகங்கள் பயன்படுத்தும் சோதனையே இதுதான். எனவே நோயாளிக்குக் கொடுக்கும் முன், வாரக்கணக்கில் படிப்படியாக வேதிக் குறிப்புகள் கொடுத்து அதை முழுமையாக ஒரே வேலைக்குப் பழக்க வேண்டும். கோடிக்கணக்கான செல்களில் பழகாதவை ஒன்றிரண்டுகூடத் தங்கிவிடக் கூடாது. வளரும்போது மரபணுக்களில் பிழைகளும் சேரும். 2014இல் ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தக்காஹாஷியின் குழு, விழித்திரை நோயுற்ற எழுபது வயது தாண்டிய பெண்மணிக்கு அவருடைய சொந்தச் செல்லிலிருந்து உருவாக்கிய ஐ.பி.எஸ். அடுக்கைப் பொருத்தியது. உலகில் அதுவே முதல் முறை. இரண்டாம் நோயாளிக்கும் செல்கள் தயாராயின, ஆனால் அவற்றில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதால் அந்தக் குழு தானாகவே நிறுத்திக்கொண்டது. அந்த நிறுத்தத்தை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. இந்தத் துறைக்குத் தேவையான நேர்மை அதில் இருந்தது.

எந்த நோய்க்கு முதலில் விடிவு வரும் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். செல் செய்யவேண்டிய வேலை எளிமையானதாக இருந்தால் விரைவில் வரும். முதல் வகை சர்க்கரை நோயில் இழந்தது ஒரே வகைச் செல்: சர்க்கரையின் அளவை உணர்ந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல். அது கணையத்தில்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை, ரத்த ஓட்டம் கிடைத்தால் போதும். ஹார்வர்டில் டக்ளஸ் மெல்ட்டன், தன் இரு பிள்ளைகளுக்கும் இந்நோய் வந்ததால், அதற்காகவே தன் ஆய்வுப் பாதையை மாற்றிக்கொண்டவர். அவர் தொடங்கிய வழியில் உருவான செல்களைக் கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாயில் செலுத்திய சோதனையின் முடிவு 2025இல் வந்தது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டுக்குப் பிறகு இன்சுலின் ஊசியே இல்லாமல் இருந்தார்கள். ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தை அவர்கள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அந்த மருந்து தொற்றுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் இடம் கொடுக்கும். ஊசியைவிட இது மேலா என்பது ஒவ்வொரு நோயாளிக்கும் வேறாகத்தான் இருக்கும்.

பார்க்கின்சன் நோயும் ஏறக்குறைய இதே வகை. மூளையின் ஒரு பகுதிக்கு டோபமின் என்ற வேதிப்பொருள் தேவை; அதைச் சுரக்கும் செல்கள் இந்நோயில் அழிந்துபோகின்றன. 2025இல் வெளியான இரண்டு சிறு சோதனைகளில், ஒன்றில் 12 பேருக்கும் கியோட்டோவில் நடந்த மற்றொன்றில் 7 பேருக்கும் செல்கள் வைக்கப்பட்டன. கட்டி எதுவும் வரவில்லை, செல்கள் பிழைத்து டோபமினும் சுரந்தன. நோய் எவ்வளவு குறைகிறது என்பதைப் பெரிய சோதனைகள்தான் சொல்ல வேண்டும்.

முதுகுத்தண்டு அப்படியல்ல. அங்கே சுரப்பது மட்டும் போதாது. நரம்பு நீளமாக வளர்ந்து, தழும்பைக் கடந்து, சரியான நரம்போடு சரியான இடத்தில் இணைய வேண்டும். அதனால்தான் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவரை ஒரு ஊசியில் நடக்க வைப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

விற்பனைக்கு வந்த நம்பிக்கை

அப்படிச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். மூட்டு வலி, ஆட்டிசம், பெருமூளை வாதம், பக்கவாதம், மலட்டுத்தன்மை என எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று விளம்பரம் வருகிறது. பெரும்பாலும் அவர்கள் தருவது கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்த மெசன்கைமல் செல்கள். இவை எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறக்கூடியவை. அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் அந்தக் குணத்துக்காகவே, மஜ்ஜை மாற்றத்துக்குப் பின், முன்பு சொன்னதுபோல வந்துசேர்ந்த செல்கள் குழந்தையின் உடலைத் தாக்கும் நோய்க்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவும் இவ்வகை மருந்து ஒன்றை அனுமதித்தது. ஆனால் இவை மூளை நரம்பாக மாறி உட்காராது. 1991இல் இவற்றுக்கு மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று பெயரிட்ட ஆர்னால்ட் கேப்லனே, இவற்றை ஸ்டெம் செல் என்று அழைப்பதை நிறுத்துங்கள் என்று 2017இல் எழுதினார்.

நன்மை இல்லாவிட்டாலும் தீங்கு இல்லையே, முயன்று பார்க்கலாமே என்று தவிக்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் தீங்கு உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விழித்திரை நோயுள்ள மூன்று மூதாட்டிகளுக்கு, அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்ததை இரு கண்களிலும் ஒரே நாளில் செலுத்தினார்கள். ஓரளவு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். 2017இல் மருத்துவ இதழில் வெளியான இந்த விவரத்தில் இன்னொன்றும் இருந்தது: ஒவ்வொருவரும் 5,000 டாலர் கட்டியிருந்தார்கள், அது மருத்துவச் சோதனை என்று நம்பியவர்களும் அவர்களில் உண்டு. பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் ஊசி போட்டுக்கொண்ட 66 வயது மனிதருக்கு முதுகுத்தண்டில் பெரிய கட்டி வளர்ந்தது. சோதித்தபோது கட்டியில் இருந்தது அவருடைய மரபணுவே அல்ல, வேறொருவருடையது.

இந்தியாவில் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்கள் தெளிவாக இருக்கின்றன. ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றம்தான் நிலைபெற்ற சிகிச்சை. அனுமதி பெறாத மற்றவற்றை முறையான மருத்துவச் சோதனையாகவே செய்ய வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் கூறியது. ஆகவே யாராவது உங்களுக்கு இதைப் பரிந்துரைத்தால் நேராகக் கேளுங்கள்: எந்தச் செல், யாருடையது, என் உடலில் அது எந்த வேலையைச் செய்யப்போகிறது, இது அனுமதி பெற்ற சிகிச்சையா, சோதனையா? சோதனை என்றால் பதிவு எண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் கேளுங்கள். சோதனை என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த இடத்தில் தயங்கத் தேவையில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமிக்கச் சொல்லிக் கர்ப்பிணிகளிடம் வரும் பேச்சையும் இதே கண்ணோடு பாருங்கள். தொப்புள்கொடி ரத்தம் மதிப்புமிக்கது, சந்தேகமே இல்லை. 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் அதைக் கொண்டு ஒரு சிறுவனைக் காப்பாற்றினார். ஆனால் அது அவனுடைய சொந்த ரத்தம் அல்ல, பிறந்த தங்கையினுடையது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே பழுதான மரபணுதான் இருக்கும். அதைக்கொண்டு அக்குழந்தையைக் குணப்படுத்த முடியாது. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு மஜ்ஜை மாற்றம் தேவைப்படும் நோய் இருந்தால் மருத்துவர் சேமிக்கச் சொல்லலாம். மற்றபடி எதிர்காலக் காப்பீடாக நினைத்துப் பணம் கட்டுவதை ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைக்கவில்லை.

அந்தப் பணத்தைச் செலவழிக்காமலேயே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உடன்பிறந்தவர் பொருந்தாத ரத்தப் புற்றுநோயாளிக்கு முன்பின் தெரியாத ஒருவரின் திசுவகை பொருந்தக்கூடும். அதிலும் ஒரே மக்கள் பிரிவைச் சேர்ந்தவராக இருந்தால் வாய்ப்பு கூடுதல். சென்னையிலிருந்து 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. 18 வயது நிறைந்து உடல்நலத்தோடு இருப்பவர், கன்னத்தின் உட்புறத்தை ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் பதிவு முடிந்துவிடும். பல ஆண்டுகள் அழைப்பே வராமல் போகலாம். வந்தால், நான்கைந்து நாள் ஓர் ஊசி போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு இறங்கிவரும். உடல்வலியும் தலைவலியும் அப்போது இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரம் ஸ்டெம் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மீதியை மறு கை வழியாகத் திருப்பிச் செலுத்தும். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கொடுத்த செல்களைச் சில வாரங்களில் உங்கள் மஜ்ஜை மீண்டும் உருவாக்கிக்கொள்ளும்.